திண்டிவனத்துக்கு ஒரு டிக்கெட்

கல்லூரியில் துணைப்பாடம் என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவது. டைம்டேபிள் போடுகிறவர் காலைப்பொழுதையெல்லாம் மேஜருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் கிடக்கிற கட்டங்களில் அலைடைத் திணிப்பார். அருப்புக்கோட்டைப் பக்கம் ஆடி மாசத்து இரண்டு மணி எப்படியிருக்கும் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். கரும்பலகையில் ‘மண் வகைகள்’ என்று வாத்தியார் எழுதிக்கொண்டிருக்கும்போதே மண் பறந்துவந்து நோட்டின்மேல் படியும். அதை ஊதித் தள்ளிவிட்டு, ‘கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது’ என்று பையன் எழுதிக்கொள்வான்.

வரலாறு மேஜர் எடுத்தவனுக்குப் புவியியல் அலைடு. பல கல்லூரிகளில் வெகுகாலமாக ஓடிவரும் ஜோடி இது. பழைய ஆட்கள் ‘ஆன்சிலரி’ என்பார்கள். பெயர் மாறியதே தவிர அந்தஸ்து மாறவில்லை. மேஜரில் அரியர் விழுந்தால் வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பான். அலைடில் விழுந்தால் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான். புவியியலையே மேஜராகப் படிக்க ஆசைப்பட்டால் சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி, கோவை, கும்பகோணம் அரசுக் கல்லூரிகள் என்று தேடிப் போகவேண்டும். 1970 வாக்கில் எஸ்.பி.கே. கல்லூரியும் தேவாங்கர் கலைக் கல்லூரியும் அருப்புக்கோட்டைக்கு வந்த பிறகுதான் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வீட்டுச் சோற்றை டிபன்பாக்ஸில் கட்டிக்கொண்டு போய் டிகிரி படிக்க முடிந்தது. அதற்கு முன்னால் விருதுநகர், இல்லாவிட்டால் மதுரை. இந்த நிலையில், புவியியலுக்காகக் கும்பகோணம் போகிறேன் என்று ஒருவன் பெட்டியைக் கட்டினால், “பூமியப் படிக்க ஊரவிட்டுப் போகணுமாக்கும்?” என்று அப்பத்தா கேட்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

தனித்துறை இல்லாத இடத்தில் வரலாற்று வாத்தியாரே புவியியலையும் எடுத்துவிடுவார். பானிப்பட்டை முடித்த கையோடு பருவக்காற்றைத் தொடங்குவார். இதை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. தத்துவ உலகத்தின் பெரிய தலையான இம்மானுவேல் கான்ட், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் 1756 தொடங்கி 1796 வரை, நாற்பது வருஷம் புவியியல் வகுப்பு எடுத்திருக்கிறார். அவர் பேராசிரியர் வேலை பார்த்தது தர்க்கத்துக்கும் மெய்யியலுக்கும்; புவியியல் பக்கத்தில் வைத்துக்கொண்டது. நாற்பது தடவைக்குமேல் அதே பாடத்தை நடத்திய அந்த மனிதர், தன் ஊரின் சுற்றுவட்டாரத்தைத் தாண்டிப் போனதேயில்லை. ஒருமுறை லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை நீள அகலத்தோடு அவர் வர்ணித்ததைக் கேட்ட ஆங்கிலேயர் ஒருவர், லண்டனில் எத்தனை காலம் இருந்தீர்கள், கட்டடத் தொழில் பார்த்தவரா என்று விசாரித்ததாக அவருடைய மாணவர் எழுதிவைத்திருக்கிறார். எல்லாம் பயண நூல்களைப் படித்துத் தெரிந்துகொண்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழகமோ 1948இல் புவியியல் துறையையே மூடிவிட்டது. ஆக, மத்தியானப் பாடமாக இருப்பதில் அருப்புக்கோட்டைப் புவியியலுக்கு மட்டும் தனி அவமானம் ஒன்றுமில்லை.

கான்ட்டுக்குப் புத்தகம் கைகொடுத்தது. புத்தகம் காலை வாரிவிட்ட ஒரு திருச்சுழிப் பையனின் கதையும் இருக்கிறது. அந்தக் கதை ஆன்மிகப் பத்திரிகைகளில் ஆயிரம் தடவை அச்சாகியிருக்கும். ஆனால் அதை அட்லஸின் பக்கமிருந்து யாரும் சொல்லியதாகத் தெரியவில்லை.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவன் வேங்கடராமன், பின்னாளைய ரமண மகரிஷி. தகப்பனார் சுந்தரமய்யர் அந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர். பையன் ஆரம்பப் படிப்பை ஊரிலும், பிறகு கொஞ்சம் திண்டுக்கல்லிலும் படித்தான். 1892இல் தகப்பனார் காலமாக, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி முதலில் ஸ்காட் நடுநிலைப்பள்ளி, அப்புறம் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளி என்று போனான். படிப்பில் சூரன் என்று யாரும் சொன்னதில்லை.

1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திரும்பியது. மதுரை ஜில்லாவில் அந்தத் தலைமுறை பார்த்த மிகப் பெரிய புவியியல் சம்பவம் அதுதான். அடுத்த மாதமே வேங்கடராமனுக்கு ஒரு புவியியல் அதிர்ச்சி. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். அருணாசலத்திலிருந்து என்றார் அவர். அப்படியோர் இடம் நிஜமாகவே இருக்கிறதா என்று பையனுக்கு ஆச்சரியம். அதுவரை அது சாமி பெயர், பாட்டில் வரும் பெயர். அங்கே மனிதர்கள் போகலாம், திரும்பியும் வரலாம் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. திருவண்ணாமலையைத் தெரியாதா உனக்கு என்று பெரியவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். புவியியல் படிப்பில் ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச சந்தோஷம் இதுதானோ என்று தோன்றுகிறது. பாட்டிலிருந்த ஒரு பெயர் ஜில்லா, தாலுகா, மைல் கணக்கோடு எதிரே வந்து நிற்பது.

எட்டு ஒன்பது மாதம் கழிந்தது. அதற்குள் அவனுக்கு நேர்ந்த மரண அனுபவம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று தடவை எழுதிவரச் சொல்லி வாத்தியார் கொடுத்த இம்போசிஷனை எழுதிக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்திக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். அண்ணன் நாகசாமி ஒரு வார்த்தை கடிந்துகொண்டார். அருணாசலத்துக்கே போய்விடுவது என்று தீர்மானித்த தம்பி எழுந்து, பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, மின்சாரம் பற்றி என்றான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய் என்னுடைய காலேஜ் பீஸைக் கட்டிவிடு என்றார் அண்ணன்.

கீழே வந்த பையன் சித்தியிடம் ஐந்து ரூபாயை வாங்கிக்கொண்டான். வீட்டில் ஒரு பழைய அட்லஸ் இருந்தது. விரித்துப் பார்த்தான். திருவண்ணாமலைக்கு மிக அருகில் ரயில் போகிற ஊர் திண்டிவனம் என்றது அட்லஸ். கணக்குப் போட்டான், மூன்று ரூபாய் போதும். மீதி இரண்டு ரூபாயை, வீட்டைவிட்டுப் போவதாக எழுதிய சீட்டுக் கடிதத்தோடு வைத்தான். காலேஜ் பீஸ் கட்டவில்லை, மீதிப் பணம் இத்தோடு இருக்கிறது என்ற கணக்கு விவரமும் அந்தக் கடிதத்தில் உண்டு. உலகத்தையே துறந்துவிட்டுக் கிளம்புகிறவன் வரவு செலவை இவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்திருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அட்லஸ் சொன்னது பொய்யில்லை. அச்சான காலத்தில் அது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ரயில்பாதை போட்டுவிட்டார்கள். பாதை வந்து சில வருஷமாகியும் மதுரை வீட்டு அலமாரியில் இருந்த அட்லஸுக்குச் செய்தி எட்டவில்லை. மதுரை ஸ்டேஷனில் கட்டண அட்டவணை மாட்டியிருந்தது. திண்டிவனம் 2 ரூபாய் 13 அணா. அதே அட்டவணையில் இன்னும் சில வரி கீழே பார்த்திருந்தால் திருவண்ணாமலை என்றே போட்டிருந்திருக்கும், கட்டணம் சரியாக மூன்று ரூபாய் என்று வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். பையன் கையில் இருந்ததும் சரியாக மூன்று ரூபாய். வீட்டிலேயே படித்து முடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் அவன் பலகையை முழுக்கப் படிக்கவில்லை. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பாதி படித்துவிட்டு எழுதத் தொடங்குகிற எல்லாப் பையன்களுக்கும் அவன் முன்னோடி.

மிச்சம் மூன்று அணா. சாயங்காலம் திருச்சியில் பசித்தது. அரை அணாவுக்கு இரண்டு நாட்டுப் பேரிக்காய். மிச்சம் இரண்டரை அணா. வழியில் வெள்ளைத்தாடி மௌல்வி ஒருவர் பேச்சுக் கொடுத்து, திருவண்ணாமலைக்குப் போகிறவன் எதற்காகத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தாய், விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும் என்று அட்லஸைத் திருத்தினார். விடியும் முன்னரே விழுப்புரத்தில் இறங்கி, விடிந்ததும் தெருவில் வழிகாட்டிப் பலகை பார்த்துக்கொண்டு திரிந்தான். ‘மாம்பழப்பட்டு’ என்று ஒரு பலகை இருந்தது. அது திருவண்ணாமலை போகிற வழி என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு ஓட்டலில் சாப்பிட்டான்; கடைக்காரர் கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்டு, இரண்டரை அணா என்றதும் காசு வேண்டாம் என்றுவிட்டார். அந்த இரண்டரை அணாவுக்கு ரயிலில் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம், மாம்பழப்பட்டு வரைக்கும், டிக்கெட் எடுத்தான். அதற்கப்புறம் பத்து மைல் நடந்து அரகண்டநல்லூர். மறுநாள் கீழூரில் ஒரு பாகவதரிடம் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்துவிட்டுத்தான் திருக்கோவிலூரில் ரயிலேற முடிந்தது. செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை.

பழைய அட்லஸால் வந்த நஷ்டம் இவ்வளவு: ஒரு ஜோடிக் கடுக்கன், பத்து மைல் நடை. புது அட்லஸாக இருந்திருந்தால் மூன்று ரூபாயில் நேராகப் போய் இறங்கியிருப்பான். அரகண்டநல்லூரும் கீழூரும் ரமணருடைய கதையில் வந்திருக்காது. பி.வி. நரசிம்மசுவாமி 1931இல் வெளியிட்ட ஆங்கில வாழ்க்கை வரலாற்றிலும், பின்னால் ஆர்தர் ஆஸ்பார்ன் எழுதியதிலும் இந்தப் பயணத்தை வாசிப்பவர்கள் பேரிக்காயையும் மௌல்வியையும் மறப்பதில்லை. காரணகர்த்தாவான அட்லஸ் எந்தப் பதிப்பு, யார் வாங்கி வீட்டில் வைத்தது என்பதில் யாருக்கும் அக்கறையில்லை. இவ்வளவுக்கும் திருச்சுழிக்கு ரயில் வந்தது 1960களில்தான், விருதுநகர் மானாமதுரைப் பாதை போட்டபோது. தன்னுடைய சொந்த ஊரை ரயில்பாதையில் தேடியிருந்தால் எந்த அட்லஸிலும் அவனுக்குக் கிடைத்திருக்காது.

ஊரில் இருந்த காலத்தில் அவன் பார்த்த புவியியல் வேறு வகை. பூமிநாதர் கோயில் குளத்தில் மாசிப் பௌர்ணமியை ஒட்டி நாளுக்கு நாள் தண்ணீர் ஏறும், பிறகு அதேபோல இறங்கும், பிள்ளைகள் படியை எண்ணிக்கொண்டு நிற்பார்கள் என்று ரமணர் பிற்காலத்தில் சொன்னதை சூரி நாகம்மா தன் கடிதங்களில் பதிந்திருக்கிறார். மழையில்லாத மாசியில் குளத்து நீர்மட்டம் ஏன் ஏறவேண்டும் என்பது அலைடு புவியியலில் ஐந்து மார்க் கேள்வியாகக்கூட வந்ததில்லை. அந்தக் கோயிலின் தலபுராணமும் தண்ணீரைப் பற்றியதுதான். பிரளய வெள்ளம் பெருகி வந்தபோது சிவன் சூலத்தால் தரையைக் குத்தித் துளைபோட்டு, வெள்ளம் முழுவதையும் பூமிக்குள் இறக்கிவிட்டாராம். பொதுப்பணித்துறைக்காரர்கள் இதற்கு நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் என்று பெயர் வைத்து டெண்டர் விடுவார்கள். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை காணும் பூமியில் உட்கார்ந்துகொண்டு உலகம் மூழ்குகிற வெள்ளத்தைக் கற்பனை செய்ததற்கு, அந்தப் புராணக்காரரைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

வகுப்பறையில் சொல்லித்தரும் மழைக் கணக்கு சுலபமானது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுகிறது, குளிர்கிறது, கேரளத்தில் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பிரதேசம். படம் போட்டு, அம்புக்குறி இட்டால் முழு மார்க். மழையை மலைக்கு அப்பால் விட்டுவிட்டு வெறும் கையோடு வருகிற அந்தக் காற்றை ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காற்றாலைக்காரர்கள் பிடித்துக் கரண்டாக்குகிறார்கள். பக்கத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. ஏறக்குறைய 2,500 ஏக்கர் நிலத்தில் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பலகை. மழை இல்லை என்பதும் வெயில் அதிகம் என்பதும் பாடப்புத்தகத்தில் குறைகளின் பட்டியலில்தான் இருந்தன. இப்போது முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் இடம் மாறிவிட்டன.

சம்சாரிகளுக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் மழை. புரட்டாசியில் விதைப்பை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். பருத்தி, கம்பு, மல்லி, உளுந்து, குதிரைவாலி. கண்மாய் நிறைந்தால் அதற்குக் கீழே கொஞ்சம் நெல். எத்தனை கண்மாய்க்குக் கலுங்கு பாய்ந்தது என்பதுதான் அந்த வருஷத்துப் பொருளாதார அறிக்கை.

கரிசல் மண் விஷயத்தில் பாடப்புத்தகத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. கரிசல் எப்படி உண்டானது என்று கேட்டால், தக்காணத்து எரிமலைக் குழம்பு இறுகி, அந்தப் பசால்ட் பாறை சிதைந்து உண்டானது என்று பையன் மனப்பாடமாக எழுதுவான். மகாராஷ்டிரத்துக்கு அது சரி. அந்த எரிமலைக் குழம்பு தமிழ்நாட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அருப்புக்கோட்டை, சாத்தூர், கோவில்பட்டிக் கரிசல் உள்ளூர் நைஸ் பாறையும் சிஸ்ட் பாறையும் வறண்ட சீதோஷ்ணத்தில் சிதைந்து உண்டானது. பெரிய புத்தகங்களில் இது ஒரு வரியில் வரும், நோட்ஸில் வராது. அதனால் பந்தல்குடிப் பையன் தன் காலுக்குக் கீழே இருக்கிற மண்ணுக்கு நாக்பூர் ஜாதகத்தை எழுதி முழு மார்க் வாங்குகிறான். தோண்டினால் சுக்கான்கல் வருவதும், பந்தல்குடியைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் ஆலைக்கு லாரியில் ஏற்றுவதும் அவனுக்குத் தெரியும். தெரிந்ததற்கு மார்க் கிடையாது.

‘கரிசல் கோடையில் வெடிக்கும், தன்னைத்தானே உழுதுகொள்ளும்’ என்ற வரி மட்டும் சரியாக இருக்கிறது. பங்குனி சித்திரையில் காட்டில் நடந்தால் கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு. மேல்மண் அதற்குள் சரிந்து விழும், மழையில் மண் ஊதி மூடிக்கொள்ளும். மழைக்கு மறுநாள் அதே காட்டில் மாட்டுவண்டி அச்சுவரைக்கும் இறங்கி நிற்கும். கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இந்த மண்ணின் பேச்சையெல்லாம் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குக்கென்றே ஒரு சொல்லகராதி போட்டார். பெரிய படிப்புப் படிக்காத அவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் ‘நெடுங்குருதி’யில் வெயிலையே ஒரு பாத்திரமாக்கினார். இந்த மண்ணைப் பற்றி உருப்படியாகப் பாடம் நடத்தியவர்கள் கதைக்காரர்கள்தான்.

ஆனால் கல்லூரிப் பையனை ஊரைப் பார்த்து எழுதச் சொன்ன வாத்தியார் ஒருவரும் இருந்திருக்கிறார். கில்பர்ட் ஸ்லேட்டர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர். இங்கிலாந்திலிருந்து வந்திறங்கியவருக்கு இந்தியக் கிராமம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அதைப் பலவீனமாக நினைக்காமல், மாணவர்களிடம் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகும்போது எத்தனை வீடு, எத்தனை ஏர், யார் யாருக்கு எவ்வளவு நிலம், கிணற்றில் எத்தனை ஆழத்தில் தண்ணீர் என்றெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். 1918இல் அது ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற ஆங்கிலப் புத்தகமாக வந்தது. அதில் ஒரு கிராமம் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த வடமலாபுரம். சிவகாசிப் பக்கம், இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் திரும்ப ஆளனுப்பிக் கணக்கெடுத்தார்கள். 1980களில் மறுபடியும் ஆட்கள் போனார்கள். லீவில் ஊருக்குப் போன பையன்கள் எழுதியதை வைத்துக்கொண்டு, பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேஜர், அலைடு என்று பார்த்தா அந்தப் பையன்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள்? 1926இல் சென்னைப் புவியியல் சங்கம் தொடங்கியவர்களும், அதை நடத்திய என். சுப்பிரமணியமும் இப்படியான ஊர்ப் பார்வையில் நம்பிக்கை வைத்தவர்கள். சங்கம் பின்னால் இந்தியப் புவியியல் சங்கமாகப் பெயர் மாறி இன்றும் பத்திரிகை நடத்துகிறது.

வடமலாபுரம் அன்றைக்கு எந்த ஜில்லா, இன்றைக்கு எந்த மாவட்டம் என்று சொல்லும்போதே தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1910இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து துண்டு வெட்டி ஒட்டியது ராமநாதபுரம் ஜில்லா. அதன் தலைநகரம் எது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், ராமநாதபுரம் என்று சொன்னவனுக்கு அடி விழும். மதுரை என்று சொல்லவேண்டும். ஆமாம், ராமநாதபுரம் ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ், ஜில்லாவுக்கு வெளியே, மதுரையில் இருந்தது. பட்டா மாற்றத்துக்கு நரிக்குடிக்காரர் அடுத்த ஜில்லாவுக்கு பஸ் ஏறுவார். முக்கால் நூற்றாண்டு இப்படியே ஓடி, 1985இல் ஜில்லாவை மூன்றாக வகுந்தார்கள். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் காமராஜர் மாவட்டத்துக்கு வந்தன. 1997இல் பெயர் விருதுநகர் மாவட்டம் என்று மாறியது. 1984இல் அலைடு முடித்தவனும் 1986இல் முடித்தவனும் வரைந்த மேப் வேறு வேறு. கண்மாயும் காடும் இருந்த இடத்திலேயே இருந்தன.

கோடுகளைப் பற்றிப் பேசும்போது டோபோஷீட்டை விட்டுவிடக் கூடாது. அலைடு படிப்பில் உருப்படியான ஒரு சங்கதி உண்டென்றால் அது இந்திய நில அளவைத்துறையின் டோபோஷீட்டை மேஜையில் விரித்து உட்காருகிற நாள்தான். கால் பாகை நீளம், கால் பாகை அகலத்துக்கு ஒரு தாள். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி மூன்றும் வருவது 58 கே/2. இதில் அருப்புக்கோட்டை அடி விளிம்பில் தொங்குகிறது. ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்திலேயே 9 பாகை 30 நிமிடக் கோடு ஓடித் தாள் முடிந்துபோகும். பந்தல்குடிக்குப் போக இன்னொரு தாள் வாங்க வேண்டும். நிறங்களுக்கு விதி இருக்கிறது: வருஷம் முழுக்கத் தண்ணீர் இருந்தால் நீலம், காய்ந்து கிடந்தால் கறுப்பு. மஞ்சள் பயிர், பச்சை காடு, சிவப்பு ரோடு. கறுப்பும் மஞ்சளுமாக இருக்கிற தாளைப் பார்த்தால் எங்க ஊர் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள் இந்தப் பக்கத்துப் பையன்கள். அந்த விதியில் ஒரு குறை. கண்மாய்க்குள் தண்ணீருக்குப் பதில் சீமைக்கருவை அடர்ந்து நின்றால் என்ன நிறம் போடுவது? 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருவையை வேரோடு பிடுங்கச் சொல்லி உத்தரவு போட்டு, கொஞ்ச காலம் ஜேசிபிகள் ஓடின. மறுபடி முளைத்தாகிவிட்டது. பிடுங்குவது புண்ணியம் என்கிறவர்களுக்கும், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கும் பேச்சு ஒத்துப்போவதில்லை. விளைச்சல் பொய்த்த வருஷத்தில் அடுப்பெரிந்தது இந்தக் கரியால் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

டோபோஷீட் முன்பெல்லாம் சுலபத்தில் கையில் கிடைக்காது. கடலோரத் தாள், எல்லையோரத் தாள் என்றால் ரகசியக் காகிதம் மாதிரி. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு அந்தக் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் தளர்த்தியது. அதே மாதம் 21ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். கரூர் மாவட்டம் மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு. காவிரியில் வெள்ளம் வரும்போது மட்டும் உபரி நீரை இந்தப் பக்கம் திருப்புவது திட்டம். காவிரியில் தொடங்கித் தெற்கு வெள்ளாறு வரை 118, அங்கிருந்து வைகை வரை 109, வைகையிலிருந்து குண்டாறு வரை 34 கிலோமீட்டர்.

குண்டாறு என்ற பெயர் இதற்கு முன்னால் இவ்வளவு பெரிய தலைப்பில் வந்ததில்லை. மேற்கே மலையடிவாரத்தில் உற்பத்தியாகி, திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு, கமுதி வழியாக மன்னார் வளைகுடாப் பக்கம் போகிற ஆறு. கரையோரத்துக் கண்மாய்களுக்கெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால் கடலைப் பார்க்கும். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்கிவிடுகிற சீமையில் குண்டாற்றைக் குற்றம் சொல்ல முடியாது. ‘கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள்’ என்ற பட்டியலில் அது கடைசி வரியில், வைப்பாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். கடைசிப் பெஞ்சில் இருந்தவர்களுக்கு அதனால் அதன்மேல் ஒரு பிரியம்.

அருப்புக்கோட்டையில் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டர்களில் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வகுப்பு நடக்கிறது. வரலாறு மேஜர் முடித்துவிட்டு குரூப் 4 எழுதுகிற பிள்ளைகள் பழைய அலைடு நோட்டைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வருகிறார்கள். பொது அறிவுத் தாளில் புவியியலுக்குப் பானிப்பட்டைவிடக் குறைவில்லாத மரியாதை. மண் வகையில் ஒரு கேள்வி, ஆற்றில் ஒரு கேள்வி எப்படியும் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். 118, 109, 34 என்று மூன்று கட்டத்தையும் வரிசை தப்பாமல் ஒப்பிக்கிறார்கள். எங்கே எந்த வருஷம் தண்ணீர் வரும் என்று ஒரு பெண் கேட்டதற்கு, “அது சிலபஸ்ல இல்லம்மா” என்றுவிட்டு சார் அடுத்த பக்கத்துக்குப் போனார்.